தண்ணீரில் ஒருவர்

நவம்பர் 3, திங்கள்

குடியிருப்போர்: மூன்று. பேட்டரி: காலை ஆறு மணிக்கு 22 சதவீதம். மழைநீர்த் தொட்டி: முக்கால். கழிவுநீர் வடிகட்டும் நாணல் பாத்தி: நாற்றம் இல்லை. குறை: உண்டு.

நிறைமதி, உங்கள் ஆபீஸ் கட்டிக் கொடுத்த பன்னிரண்டு வீட்டுக்கும் நீ தலா ஒரு நோட்டுக் கொடுத்தாய். வீடு எப்படி இருக்கிறது என்று தினமும் எழுதச் சொன்னாய். லோகு வீட்டில் அதில் பிள்ளை யானை வரைகிறது. கடைசி வீட்டில் தாளைக் கிழித்து வடை மடித்தார்கள். அந்த வடையை நானும் தின்றேன். ஒழுங்காக எழுதுகிறவள் நான் ஒருத்திதான். அங்கன்வாடியில் பதினெட்டு வருடமாகப் பதிவேடு எழுதிப் பழகிய கை சும்மா இருக்காது.

குறை இதுதான். நாலு நாளாக மேகம் நகரவில்லை, கூரைமேல் இருக்கும் தகடு வெயிலைப் பார்க்கவில்லை. பேட்டரி இருபதுக்குக் கீழே இறங்கினால் மிக்சியை ஓட விடமாட்டேன் என்கிறாள் சுவர்ப் பெண். (சுவருக்குள்ளிருந்து பேசுகிறவளுக்கு உங்கள் ஆபீசில் ஏதோ பெயர் வைத்திருக்கிறீர்கள். எங்கள் வீட்டில் அவள் சுவர்ப் பெண்தான்.) இன்று காலையில் "படகுத்துறை விளக்கு இரவு முழுவதும் எரிகிறது. அணைத்தால் மின்சாரம் மிச்சமாகும். அணைக்கட்டுமா?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். மிளகாயை அம்மியில் அரைத்துக்கொள்கிறேன். எனக்குக் கை இருக்கிறது.

உன் மேலதிகாரி படித்தால் குழம்பக் கூடாது, அதனால் விவரமாகச் சொல்கிறேன். எங்கள் வீட்டுக்கு இரண்டு வாசல். ஒன்று சாலைப் பக்கம், ஒன்று உப்பங்கழியைப் பார்த்த படகுத்துறைப் பக்கம். இரண்டிலும் வீட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு பொத்தான். வெளியே கிளம்புகிறவர் பொத்தானை அழுத்தி "போயிட்டு வரேன்" என்று சொல்ல வேண்டும். சாலைப் பக்கம் சொன்னால் பச்சை விளக்கு, தண்ணீர்ப் பக்கம் சொன்னால் நீல விளக்கு. திரும்பி வந்து "வந்துட்டேன்" என்று சொன்னால் அணையும். யாராவது தண்ணீரில் இருக்கும்வரை படகுத்துறை விளக்கு அணையாது.

என் வீட்டுக்காரர் தேசிங்கு அக்டோபர் 10, வெள்ளிக்கிழமை காலை வலையோடு கிளம்பினார். இன்னும் வரவில்லை. இருபத்து நான்கு நாள் ஆகிறது. அதனால் விளக்கு எரிகிறது. அவ்வளவுதான் விஷயம்.

நவம்பர் 5, புதன்

பேட்டரி: 26. தொட்டி: முக்கால். குறை: இல்லை.

ஏழுமலை வந்தான். அவருடைய தம்பி, இதே வரிசையில் எட்டாம் வீடு. வந்தவன் உட்காராமல் நின்றுகொண்டே இருந்தான். என்ன பேச வந்திருக்கிறான் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

"அண்ணி, பதினாறு நாளும் தாண்டிப் போச்சு. ஊர்ல கேக்கறாங்க. தர்ப்பையில ஒரு உருவம் பண்ணி வெச்சாவது காரியத்தை முடிச்சுட்டா..."

"உங்க அண்ணன் வெளிய போயிருக்காரு ஏழுமலை. வரட்டும், அவரையே கேட்டுச் செய்யலாம்."

அவன் கதவோரம் இருந்த நீல விளக்கைப் பார்த்தான். ஒன்பது நாள் நாலு படகை வைத்துக்கொண்டு தேடியவன் அவன்தான். மூன்றாம் நாள் முகத்துவார மணல்திட்டில் படகு கவிழ்ந்து கிடந்ததைக் கண்டவனும் அவன்தான். பேசுவதற்கு அவனுக்கு உரிமை உண்டு. படகு கிடைத்தது, அவர் கிடைக்கவில்லை. இரண்டும் ஒன்றில்லை என்று சொல்ல எனக்கும் உரிமை உண்டு.

"அண்ணன் புடிவாதக்காரன் அண்ணி. காத்து மோசம்னு வீடே சொல்லியிருக்குது, அப்பவும் போயிருக்கான். நீங்க இன்னா பண்ணுவீங்க?"

வரக்காபி போட்டுக் கொடுத்தேன். குடித்துவிட்டுத் தம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனான். அவன் அண்ணன் ஆயுசுக்கும் ஒரு தம்ளர் கழுவியதில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

பேட்டரி: 38 (நேற்று கொஞ்சம் வெயில்). தொட்டி: நிரம்பி வழிகிறது. நாணல் பாத்தி: தவளை.

புவனா புதுச்சேரியிலிருந்து வந்தாள். நர்சிங் இரண்டாம் வருடம், ஹாஸ்டல். இரவு டூட்டி முடித்து நேராக பஸ் ஏறியிருக்கிறாள். "வந்துட்டேன்" என்று பொத்தானை அழுத்திவிட்டு, சாப்பிடாமல்கூடப் பாயைச் சுருட்டிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்த் தகடுகளுக்கு அடியில் நிழலில் படுத்துவிட்டாள். மாடியில் ஆள் நடமாட்டம் பார்க்கும் கண் கிடையாது. அறைகளில் மட்டும்தான் உண்டு. அது எனக்கு மறந்தே போயிற்று.

மத்தியானம் நான் கருவாட்டுக் குழம்பைக் கூட்டி வைத்திருக்கும்போது சுவர்ப் பெண் திடீரென்று ஆரம்பித்தாள்.

"புவனா ஆறு மணி நேரமாக அசையவில்லை. யாரையாவது கூப்பிடட்டுமா?"

கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். மாடியில் பிள்ளை வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறது. எழுப்பிச் சொன்னதும் இருவரும் சிரித்தோம். அவர் போனதற்குப் பிறகு இந்த வீட்டில் யாரும் சிரித்தது இன்றுதான். தனியாக இருக்கும் வயசானவர்கள் விழுந்து கிடந்தால் தெரிய வேண்டும் என்று வைத்ததாக நீ சொன்னாய். நல்லதுதான். ஆனால் கேட்கிற விதத்தை மாற்று. எனக்கு உயிரே போய்விட்டது.

சிரித்து முடித்ததும் புவனா குளிக்கப் போனாள். ரொம்ப நேரம் வரவில்லை. தண்ணீர் சத்தம் மட்டும் கேட்டது. "குளியலறையில் எட்டு நிமிடமாகத் தண்ணீர் ஓடுகிறது. நிறுத்துகிறேன்" என்று சுவர்ப் பெண் நிறுத்திவிட்டாள். தண்ணீர் நின்றதும் பிள்ளை அழுவது கேட்டது.

நான் அடுப்படியிலேயே நின்றேன். கதவைத் தட்டியிருக்கலாம். தட்டினால் நானும் அழ வேண்டியிருக்கும். அழுதால் எதற்காக அழுகிறோம் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும்.

சாயங்காலம் கிளம்பும்போது, "யம்மா, அந்த நீல விளக்கப் பாக்கவே முடியல. நான் வேணா 'வந்துட்டேன்'னு சொல்லி அமத்திடட்டுமா?" என்றாள். வீட்டு ஆட்கள் மூவரின் குரலில் எதுவானாலும், யாருடைய பொத்தானுக்காகவும் அது ஏற்றுக்கொள்ளும்.

"கையை வெச்சுப் பாரு" என்றேன். அப்படிக் கத்தியிருக்க வேண்டாம்.

நவம்பர் 12, புதன்

பேட்டரி 19. மழை. அம்மி.

நவம்பர் 16, ஞாயிறு

பேட்டரி: 23. தொட்டி: நிறைவு.

நீ இன்று போனில் தயங்கித் தயங்கிக் கேட்டாய்: "அக்கா, அந்த வெள்ளக்கதவு விதி ஞாபகம் இருக்கா?" எனக்கு ஞாபகம் இல்லாமலா? உங்கள் ஆபீசிலேயே அதற்குத் தேசிங்கு விதி என்று பெயராமே. நீயே சிரித்துக்கொண்டு சொன்னாய், போன வருடம்.

மறந்துவிடாமல் இருக்க எழுதி வைக்கிறேன். இந்த வீடுகள் பழைய பிளாஸ்டிக் பீப்பாய்களின் மேல் உட்கார்ந்திருக்கின்றன. வெள்ளம் வந்தால் நான்கு மூலையிலும் உள்ள கம்பத்தைப் பிடித்துக்கொண்டு ஐந்தடி வரை மிதந்து ஏறும். அதற்கும் மேல் தண்ணீர் வந்தால் கம்பத்திலிருந்து கழன்று வீடு அதன் போக்கில் போய்விடும். அப்படி ஆகாமல் இருக்கத்தான் கடலுக்கும் எங்கள் வரிசைக்கும் நடுவே வாய்க்காலில் இந்த இரும்பு வெள்ளக்கதவை வைத்தார்கள். கடல் ஏறினால் தானாக மூடிக்கொள்ளும்.

இதையெல்லாம் நீங்கள் கோயில் மண்டபத்தில் படம் போட்டுக் காட்டினீர்கள். அன்றைக்கு எழுந்து நின்றவர் இவர். சட்டைகூடப் போடவில்லை, துண்டுதான்.

"மேடம், எங்க ஆளு ஒருத்தன் தண்ணியில இருக்கச்சொல்ல அந்தக் கதவு மூடக் கூடாது. உள்ள இருக்கறவனுக்கு வீடு இருக்குது. வெளிய இருக்கறவனுக்கு அந்த வாய்க்கா ஒண்ணுதான் வழி. அவன் மூஞ்சிக்கு நேரா சாத்துவீங்களா? அவன் வந்துட்டான்னு அவன் வீட்டு ஆளு வாயால சொல்லணும். அப்பத்தான் மூடணும். ஆபீசுல உக்காந்துகினு எவனும் மூடக் கூடாது."

மண்டபமே கைதட்டியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை, வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

இன்னொன்றும் சொன்னார். நீங்கள் கொண்டு வந்த பட்டியலில், வீட்டை விட்டுக் கிளம்பும்போது "போகிறேன்" என்று சொல்ல வேண்டும் என்று இருந்தது. அதைக் கேட்டதும் பெண்கள் பக்கம் எல்லோரும் வாயில் கை வைத்துக்கொண்டார்கள். இவர் சிரித்துவிட்டார். "எழவு வீட்டுல இருந்து கெளம்பறவன்கூட சொல்லிக்காமத்தான் கெளம்புவான் மேடம். போறேன்னு எவனும் சொல்லமாட்டான். போயிட்டு வரேன்னு மாத்துங்க." நீயும் அன்றே மாற்றினாய். உன்னை எனக்குப் பிடித்துப்போனது அப்போதுதான்.

நவம்பர் 17, திங்கள்

கார்த்திகை பிறந்தது. பேட்டரி 24. ஃப்ரிட்ஜை நிறுத்திவிட்டேன். மீன் கொண்டு வருகிற ஆள் இல்லாத வீட்டில் ஃப்ரிட்ஜ் எதற்கு? விளக்குக்கு ஆகும்.

நவம்பர் 21, வெள்ளி

குடியிருப்போர்: மூன்று. பேட்டரி: 31. மழைநீர்த் தொட்டி: உப்பு. நாணல் பாத்தி: இல்லை. குறை: நான்.

அமாவாசை ஏற்றம் இந்த முறை பெரிதாக வந்தது. நேற்று காலை எட்டு மணிக்குக் கடல் வாய்க்கால் வழியாக உள்ளே வந்தது. கதவு அசையவில்லை. சுவர்ப் பெண் பன்னிரண்டு வீட்டிலும் ஒரே நேரத்தில் சொன்னாள்: "தண்ணீரில் ஒருவர். வெள்ளக்கதவு திறந்திருக்கும்."

நேற்று யாரும் வலைக்குப் போகவில்லை. தண்ணீரில் ஒருவர் என்றால் யார் என்று எல்லோருக்கும் தெரியும்.

வீடுகள் இரண்டடி எழும்பின. எழும்பும்போது ஒரு முனகல் சத்தம் வரும், நீ கேட்டதில்லை. பாத்திரம் எதுவும் விழவில்லை, வீட்டைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பொதுத் தொட்டியில் உப்புத் தண்ணீர் ஏறிவிட்டது. பன்னிரண்டு வீட்டு மழைநீரும் வீண். நாணல் பாத்தி வேரோடு போயிற்று. இன்று லாரித் தண்ணீருக்கு வரிசையில் நின்றோம்.

வரிசையில் ஒருவரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. லோகு எனக்கு முன்னால் நின்றாள், ஏழு மாத வயிறு, இடுப்பில் யானை வரைகிற பிள்ளை. என் குடத்தை வாங்கித் தன் குடத்துக்கு முன்னால் வைத்தாள்.

"திட்டுடி லோகு" என்றேன்.

"எதுக்குக்கா?" என்றாள்.

அவள் திட்டியிருந்தால் நானும் பதிலுக்குத் திட்டியிருப்பேன். மனது லேசாகியிருக்கும்.

நவம்பர் 24, திங்கள்

பேட்டரி: 35. தொட்டி: கழுவியாயிற்று, காலி.

நீ நேரில் வந்தாய். வந்தது ஆபீஸ் வேலையாகத்தான், ஆனாலும் எனக்குப் பிடித்த பக்கோடா வாங்கி வந்தாய். நாம் பேசியதை அப்படியே எழுதுகிறேன், உன் மேலதிகாரியும் தெரிந்துகொள்ளட்டும்.

"அக்கா, அலுவலகத்துல இருந்து நான் மூட முடியாது. அண்ணன் போட்ட விதியே அதுதான். அவங்க பேரை எடுக்கணும்னா இறப்புச் சான்றிதழ் வேணும். அது இப்போதைக்கு வராது. இல்லன்னா இந்த வீட்டு ஆள் ஒருத்தர், வந்துட்டாங்கன்னு சொல்லணும்."

"வந்தா சொல்றேன்."

நீ பக்கோடாவைப் பிய்த்துக்கொண்டே இருந்தாய், தின்னவில்லை. அப்புறம் சொன்னாய்: "பதிவைப் பாத்தேங்கா. பத்தாம் தேதி அஞ்சு நாப்பதுக்கே எச்சரிக்கை சொல்லியிருக்கு. காத்து பலம், இன்னிக்குப் போக வேண்டாம்னு. அதைக் கேட்டும் அண்ணன் போயிருக்காங்க. நீங்க எதுக்கு உங்களை நொந்துக்கிட்டு..."

"ஆமா. அவரு புடிவாதம் அப்படி" என்றேன்.

உன் பதிவில் சுவர்ப் பெண் பேசியது மட்டும்தான் இருக்குமா? வீட்டு ஆட்கள் பேசியது இருக்காதா? கேட்க வேண்டும் என்று நினைத்தேன், கேட்கவில்லை.

நவம்பர் 26, புதன்

அங்கன்வாடியில் எடை போடும் நாள். பதினோரு பிள்ளைகள். ஒரு பிள்ளை "உங்க வீட்டு வெளக்கு ஏன் டீச்சர் பகல்லயும் எரியுது?" என்று கேட்டது. மழை மூட்டத்தில் பகலென்று தெரியாமல் எரிகிறது என்று சொன்னேன். நம்பிவிட்டது.

நவம்பர் 28, வெள்ளி

பேட்டரி: 40. தொட்டி: கால்.

புயல். ஞாயிறு சாயங்காலம் இங்கேதான் கரையைக் கடக்குமாம். சுவர்ப் பெண் மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை சொல்கிறாள். கடல் எட்டடி ஏறலாமாம். கம்பம் ஐந்தடிக்குத்தான்.

ஊர்க்காரர்கள் பள்ளிக்கூடத்துப் புயல் காப்பகத்துக்குப் பாய் தலையணை கொண்டு போகிறார்கள். ஆட்களுக்கு ஒன்றும் ஆகாது. வீடுகள்தான். லோகு தை மாதம் பிள்ளை பெற்று இந்த வீட்டுக்கு வர வேண்டியவள். பழைய குப்பத்தில் ஒவ்வொரு மழைக்கும் சேற்றில் கட்டிலைத் தூக்கிக் கட்டி வாழ்ந்தவர்கள் நாங்கள். மறுபடி அதற்குப் போக ஒருவருக்கும் மனமில்லை. எனக்கும் இல்லை.

எல்லோரும் என் வீட்டு வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். பொத்தான் கதவோரத்தில் இருக்கிறது. எல்லோரும் ஒரு தடவை அதைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். ஒருவரும் உள்ளே வந்து கேட்கவில்லை. அவர் எழுந்து நின்று பேசிய அன்று இவர்கள்தான் கைதட்டினார்கள். அந்த வார்த்தையை மீறிக் கேட்க இவர்களுக்கு வாய் வரவில்லை.

ஏழுமலை மட்டும் வாசலில் நின்றான்.

"நான் ஒண்ணும் கேக்க வரல அண்ணி. கயிறு வேணுமா, ஜன்னலக் கட்டணுமான்னு கேக்க வந்தேன்."

கட்டிக் கொடுத்துவிட்டுப் போனான்.

நவம்பர் 29, சனி

(நிறைமதி, இந்த இரண்டு பக்கத்தைக் குண்டூசி போட்டு மூடியிருக்கிறேன். பிரிக்காதே. பிரித்தால் உன் இஷ்டம்.)

அவர் புடிவாதம் பிடிக்கவில்லை.

அன்று காலை ஐந்து நாற்பதுக்கு வலையைத் தோளில் போட்டுக்கொண்டு துறைப் பக்கம் நின்றார். சுவர்ப் பெண் சொன்னாள், காற்று பலம், இன்று கடலுக்குச் செல்ல வேண்டாம் என்று. அவர் நின்று கேட்டார். வலையை இறக்கி வைத்தார். "சரிதான், இன்னிக்குப் போவல பச்ச. டீ போடு" என்றார். பச்சையம்மா என்ற என் பெயர் அவர் வாயில் பச்சதான்.

போகவில்லை என்றுதான் சொன்னார். உட்காரக்கூடச் செய்தார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். இந்த வாய் சும்மா இருக்காது. இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்தே அவரை நான் சுவர்ப் பெண்ணை வைத்துக் கேலி பண்ணுவேன். அவள் பீடிப் புகை என்றால் எழுந்து வெளியே போவார். அவள் தண்ணீர் வீணாகிறது என்றால் குழாயை மூடுவார். நான் இருபத்திரண்டு வருடமாகச் சொல்லி எதுவும் நடந்ததில்லை. அன்றும் அதையேதான் எடுத்தேன்.

"அடேங்கப்பா. ஒரு பொம்பளக் கொரல் சொன்னதும் ஒடனே ஒக்காந்துட்ட. நான் சொல்லி என்னிக்குய்யா கேட்ட? கடலுக்குப் போறவன் செவுரு கிட்டயா கேட்டுகினு போவான்?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். மற்ற நாளாக இருந்தால் அவரும் சிரித்திருப்பார். அன்று அடுத்த வீட்டுத் துறையில் மீன் வாங்க வந்த வெளியூர் ஆட்கள் நின்றிருந்தார்கள், அவர்கள் சிரித்துவிட்டார்கள். அவர் முகம் மாறிப்போயிற்று. வலையை எடுத்தார்.

"போறேன்டி."

அப்படியே சொன்னார். பொத்தானைத் தொடவில்லை. திரும்பிப் பார்க்கவில்லை. அந்தச் சொல்லைக் கேட்டதும் பின்னால் ஓடினேன், அதற்குள் படகு துறையை விட்டுவிட்டது. அவர் பொத்தானை நான் அழுத்தினேன். அவருக்காக நான் சொன்னேன்: "போயிட்டு வரேன்." நீல விளக்கு எரிந்தது. அப்பாடா என்று இருந்தது. சொல்லியாயிற்று, இனி வந்துவிடுவார் என்று டீத் தண்ணீரை இறக்கி வைத்தேன்.

அந்த விளக்கை எரிய வைத்தது அவரில்லை. நான். அதனால்தான் அணைக்க முடியவில்லை. அதை அணைத்தால், அவர் கடைசியாகச் சொன்னது "போறேன்" என்பது மட்டும்தான் மிஞ்சும்.

ஊரெல்லாம் அவரைப் பிடிவாதக்காரர் என்கிறது. அவர் தம்பி சொன்னான், நீயும் சொன்னாய், நானும் ஆமாம் என்றேன். ஐம்பது நாளாக இல்லாத மனிதன்மேல் பழியைப் போட்டுவிட்டு நான் விளக்குக்கு மின்சாரம் மிச்சம் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

நவம்பர் 30, ஞாயிறு, மாலை (பள்ளிக்கூடத்தில், ஒன்றாம் வகுப்பு அறையிலிருந்து எழுதுகிறேன்)

காலையிலேயே எல்லோரையும் எனக்கு முன்னால் இங்கே அனுப்பிவிட்டேன். பன்னிரண்டு மணிக்குப் புவனா போன் பண்ணினாள். ஆஸ்பத்திரியில் யாருக்கும் லீவு இல்லையாம். "யம்மா, நீ இன்னா முடிவு எடுத்தாலும் சரிம்மா" என்றாள். பத்தொன்பது வயதுப் பிள்ளை இப்படிப் பேச வேண்டியதாகிவிட்டது.

ஒரு மணிக்குத் துறைப் பக்கக் கதவைத் திறந்தேன். மழை பக்கவாட்டில் அடித்தது. உப்பங்கழி கறுத்துக் கிடந்தது. வாய்க்கால் முனையில் கதவு இரண்டு பக்கமும் விரிந்து நின்றது. அந்த வழியாக ஒரு படகு வருகிறதா என்று கடைசியாக ஒரு தடவை பார்த்தேன். பத்து நிமிடம் பார்த்தேன். பொய் சொல்வானேன், அரை மணி நேரம் பார்த்தேன்.

சுவர்ப் பெண் சொன்னாள்: "வீட்டில் ஒருவர். சாலையில் ஒருவர். தண்ணீரில் ஒருவர். வெள்ளக்கதவு திறந்திருக்கும்."

"யோவ், நீதான்யா கதவு மூடக் கூடாதுன்ன. நீயே பாத்துக்கோ" என்று தண்ணீரைப் பார்த்துக் கத்தினேன். அழுதேன். ஐம்பத்தொரு நாளைக்கும் சேர்த்து அழுதேன். அப்புறம் அவர் பொத்தானை அழுத்தினேன். அவர் கிளம்பியபோது சொன்னவள் நான்தானே. திரும்பும்போதும் நானே சொன்னேன்.

"வந்துட்டேன்."

நீல விளக்கு அணைந்தது. "வாங்க தேசிங்கு" என்றாள். வழக்கமாக அவரிடம் சொல்கிற அதே வார்த்தை, அதே குரல். "வீட்டில் இருவர். சாலையில் ஒருவர். தண்ணீரில் யாரும் இல்லை. வெள்ளக்கதவு மூடுகிறது."

கதவு மெதுவாகத்தான் மூடியது. முழுக்க மூடும்வரை நின்றேன்.

பிறகு அடுப்பை அணைத்து, பையை எடுத்துக்கொண்டு சாலைப் பக்கம் வந்து, என் பொத்தானை அழுத்தி "போயிட்டு வரேன்" என்று சொன்னேன். பழக்கத்தில் உள்ளே பார்த்தும் ஒரு தடவை சொன்னேன்.

இங்கே லோகு எனக்குப் பாய் விரித்து வைத்திருக்கிறாள். வெளியே காற்று தகரத்தைப் பிய்க்கிறது. எல்லோரும் வீட்டை நினைத்துப் பயந்துகொண்டிருக்கிறார்கள். எனக்கு மட்டும் பயமில்லை. அவர் வீட்டில் இருக்கிறார், கதவு மூடியிருக்கிறது, நனையாமல் இருக்கிறார் என்று மனது சொல்லிக்கொண்டே இருக்கிறது. பைத்தியம்தான். ஆனால் இன்றைக்கு நான் தூங்கிவிடுவேன்.

டிசம்பர் 1, திங்கள்

பேட்டரி: 64 (காலையிலிருந்து நல்ல வெயில்). தொட்டி: நிறைவு, நல்ல தண்ணீர். கூரைத் தகடு: ஒன்று போயிற்று. குறை: இல்லை.

பன்னிரண்டு வீடும் நிற்கின்றன. கதவு பிடித்துக்கொண்டது. தண்ணீர் மூன்றடிக்கு மேல் ஏறவில்லை என்று கம்பத்தில் கறை இருக்கிறது. சாலை முழுக்க மரம். டவர் விழுந்துவிட்டதால் யாருக்கும் போன் இல்லை. லோகு தன் வீட்டைப் பார்த்ததும் நடுச்சாலையில் உட்கார்ந்து அழுதாள். பிள்ளை சுவரைத் தட்டி "வந்துட்டேன், வந்துட்டேன்" என்று கத்தியது.

பத்து மணிக்கு என் வீட்டைத் திறந்தேன். உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. அவர் சட்டை ஆணியில் மாட்டியபடியே இருந்தது.

"வந்துட்டேன்" என்றேன்.

"வாங்க பச்சையம்மா. வீட்டில் இருவர்" என்றாள். கொஞ்சம் பொறுத்து, அன்று புவனாவுக்காகக் கேட்டாளே, அதே குரலில் கேட்டாள்:

"தேசிங்கு நேற்று மதியத்திலிருந்து அசையவில்லை. யாரையாவது கூப்பிடட்டுமா?"

நான் பையைக் கீழே வைத்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் மறுபடி கேட்டாள். மூன்றாவது தடவையும் கேட்டாள்.

"கூப்புடும்மா. ஏழுமலையக் கூப்புடு" என்றேன்.

அவன் எட்டாம் வீட்டிலிருந்து ஓடி வந்தான், கால் முழுக்கச் சேறு. "இன்னா அண்ணி, செவுரு ஏதோ சொல்லுதே, அண்ணன் அசையலன்னு..."

"உங்க அண்ணன் வந்துட்டாரு ஏழுமலை. சொந்தக்காரங்களுக்கெல்லாம் சொல்லி அனுப்பு."

அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். நானும் உட்கார்ந்தேன். இருவரும் அழுதோம். அழுது முடித்ததும், குண்டூசி போட்ட பக்கத்தில் உள்ளதை அவனிடம் வாயால் சொன்னேன். அவர் போகவில்லை என்று சொல்லி உட்கார்ந்ததை, நான் சொன்னதை, அவர் சொன்னதை. எதையும் விடவில்லை. உங்க அண்ணன் பிடிவாதக்காரர் இல்லை என்றேன்.

அவன் ஆணியில் தொங்கிய சட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தான். என்ன சொன்னாலும் வாங்கிக்கொள்வது என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"நீங்க சொல்லி அண்ணன் என்னிக்கு அண்ணி கேட்டிருக்கான்?" என்றான். முகத்தைத் துண்டால் துடைத்தான். "அவனா போனான். உடுங்க."

எழுந்து வேட்டியை உதறிக் கட்டினான். தர்ப்பைக்கு யாரிடம் சொல்ல வேண்டும், புவனாவை அழைத்துவர யாரை அனுப்ப வேண்டும் என்று வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே வாசல்வரை போனான். பொத்தானுக்கு நேரே ஒரு நிமிடம் நின்றான். என்னைத் திரும்பிப் பார்த்தான்.

பிறகு சொல்லிக்கொள்ளாமல் போனான்.